பத்துப் பெட்டி

டெஸ் பைபஸ் தன் எழுபத்து நான்காவது வயதில்தான் பொய் சொல்லக் கற்றுக்கொண்டார். அதுவும் காய்கறி விஷயத்தில்.

அதுவரை அவருக்குப் பொய் தேவைப்படவில்லை. பொய் சொல்ல எதிரில் ஓர் ஆள் வேண்டும். அவருக்கு இருந்த ஒரே ஆள் தம்பி லயனல். அவனிடம் பொய் சொல்லி ஒருநாளும் தப்ப முடியாது. தட்டில் உருளைக்கிழங்கு விழுவதற்குள் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவான். அண்ணன் தம்பி இருவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று யாராவது கேட்டால், "அவன் மொதல்ல பண்ணட்டும்னு நானு, நான் மொதல்ல பண்ணட்டும்னு அவன். ரெண்டு பேருக்கும் பஸ் போயிருச்சு" என்பான் லயனல். கேட்டவர்கள் சிரிப்பார்கள். டெஸ் சிரிக்க மாட்டார், அதில் பாதி உண்மை என்பதால்.

பண்ணை டெர்வெண்ட் ஆற்றுக்கு மேலே, கிளெண்டூன் ஊரிலிருந்து நாற்பது கிலோமீட்டரில் இருந்தது. தார்ச் சாலை முடிந்து சரளை, சரளை முடிந்து மண், மண் முடிந்தால் பைபஸ் வீட்டு கேட். அந்தப் பக்கம் போகிற வழியில் எட்டிப்பார்த்தேன் என்று யாரும் சொல்லிக்கொண்டு வர முடியாது. அந்தப் பக்கம் வழியே கிடையாது.

போன ஆகஸ்டில், அந்த நாட்டுக் குளிர்காலத்தில், வேலிக் கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்த லயனல் கொட்டகையில் அப்படியே உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை. கம்பிச்சுருள் மடியில் இருந்தது. கிளெண்டூன் தேவாலயத்தில் பாதிரியார் நாலு நல்ல வார்த்தை சொன்னார். பக்கத்துக் கூடத்தில் சாண்ட்விச்சும் டீயும் கொடுத்தார்கள். எல்லோரும் டெஸ்ஸின் கையைக் குலுக்கிவிட்டு மாடு கறக்க நேரமாகிவிட்டதென்று கிளம்பினார்கள்.

ஐம்பது வருஷமாக அந்த வீட்டில் பேச்சு குறைவுதான். ஆனால் இரண்டு பேர் பேசாமல் இருப்பதும் ஒருவர் பேசாமல் இருப்பதும் ஒன்றல்ல என்பது டெஸ்ஸுக்கு இப்போதுதான் தெரிந்தது. இரண்டு பேர் பேசாமல் இருந்தால் இருமல் கேட்கும், பூட்ஸைக் கழற்றி எறிகிற சத்தம் கேட்கும், ரேடியோவில் கிரிக்கெட் அம்பயரை லயனல் திட்டுவது கேட்கும். இப்போது அம்பயர் என்ன அநியாயம் செய்தாலும் கேட்பாரில்லை.

மிச்சமிருந்தது வியாழக்கிழமை.

வியாழன் காலை ஒன்பதரைக்கு வண்டி வரும். பண்ணைகளில் மிஞ்சுவதையும், கோணல்மாணலாக இருப்பதால் கடைக்காரன் ஒதுக்கியதையும் வாங்கிப்போய், கீழே ஊர்களில் உள்ள இலவச உணவுப் பேன்ட்ரிகளுக்குக் கொடுக்கிற வண்டி. கிளெண்டூனில் பேன்ட்ரி என்பது தேவாலயக் கூடம்தான். வியாழன் மதியம் ஒரு மணிக்குத் திறப்பார்கள். வீட்டில் அடுப்பெரியத் திண்டாடுகிறவர்கள் வந்து, நம்பர் சீட்டு வாங்கி, ஒரு பை நிறைய எடுத்துக்கொண்டு போவார்கள். லயனல் இருந்தபோது ஆறு வருஷமாகப் பைபஸ் பண்ணையிலிருந்து வாரம் பதினெட்டு பெட்டி, இருபது பெட்டி என்று போய்க்கொண்டிருந்தது.

வண்டி ஓட்டுகிறவள் நோலீன். அறுபதைத் தொடப்போகிறவள், ஒரு முழங்கால் மாற்று முழங்கால், வாய் மட்டும் பிறந்தபோது கொடுத்ததே. சம்பளம் இல்லாத வேலை. பெட்டிகளை நிறுத்து, தாளில் எழுதி, வண்டியில் ஏற்றிய பிறகு சமையலறையில் உட்கார்ந்து டீ குடிப்பாள். இருபது நிமிஷம். அந்த இருபது நிமிஷத்துக்காக டெஸ் வாரம் முழுக்கத் தயார் செய்தார். காலண்டர் தாளின் பின்புறம் பென்சிலால் எழுதிவைப்பார்: தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் பாம்பு. நோலீன் முழங்கால், கேட்கவும். மூன்று வரிக்கு மேல் எழுதினால் நேரம் போதாது என்பது அனுபவம்.

பிப்ரவரியில் ஒருநாள் நோலீன் பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டே சொன்னாள்.

"எங்க ஹோபார்ட் ஹெட் ஆபீஸ்ல புதுசா ஒரு சட்டம் போட்டிருக்காங்க பெரியவரே. ஊர்லேருந்து முப்பது கிலோமீட்டர் தாண்டின பண்ணைன்னா பத்துப் பெட்டியாவது இருக்கணுமாம். இல்லன்னா வண்டி போகக் கூடாது. பெட்ரோல் கட்டுப்படியாகலயாம்."

"அதெல்லாம் நமக்கு எதுக்கும்மா? நம்மகிட்ட பத்துக்குக் கொறஞ்சு என்னிக்கு இருந்துச்சு?"

"அதான் நானும் சொன்னேன். பைபஸ் பண்ணயப் பத்தி எங்கிட்ட பேசாதீங்கன்னு சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். டெஸ் வெளியே வந்து தோட்டத்தைப் பார்த்தார். வேலி லயனலுடைய வேலை. லயனல் போனதும் வேலியும் ஒவ்வொரு இடமாகப் போயிற்று. குட்டைக் கங்காருக்களான வாலபிகளுக்கு அது எப்படியோ தெரிந்துவிடுகிறது. பீன்ஸ் போயிற்று, ப்ரோக்கோலி குருத்தோடு போயிற்று, முட்டைக்கோஸை நடுவில் மட்டும் தின்றுவிட்டு ஓரத்தை நாகரிகமாக விட்டுவைத்தன. டெஸ் தன்னால் முடிந்த இடத்தில் கம்பி கட்டினார். அவருக்குக் கம்பி முறுக்க வராது. லயனல் உயிரோடிருந்தபோதே அந்த முறுக்கைப் பார்த்து, "என்னடா இது, ஷூ லேஸா?" என்று கேட்டவன்.

மார்ச் மாதக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை எண்ணிப் பார்த்தார். சில்வர்பீட் கீரை மூன்று பெட்டி, உருளைக்கிழங்கு இரண்டு, பூசணி ஒன்று. ஆறு.

செவ்வாய் சாயங்காலம் ஆறு மணிக்குப் பண்ணைக்காரர்கள் நோலீனுக்குப் போன் செய்து எத்தனை பெட்டி என்று சொல்ல வேண்டும். அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் எண்ணை அழுத்தினார்.

"எத்தன பெரியவரே?"

"பத்து" என்றார் டெஸ்.

போனை வைத்தார். எழுபத்து நான்கு வருஷ நேர்மையை ஒரே எண்ணில் முடித்தாயிற்று. புதன்கிழமை காலையில் கோலிக்குண்டு அளவே இருந்த டர்னிப் கிழங்குகளைக்கூடப் பிடுங்கிப் பார்த்தார். கால் பெட்டி நிறையவில்லை. மதியம் மூன்று மணிக்கு பிக்அப் வண்டியைக் கிளப்பி, நாற்பது கிலோமீட்டர் இறங்கி, கிளெண்டூன் சூப்பர்மார்க்கெட்டுக்குப் போனார்.

அங்கே ஓர் அலமாரி இருந்தது. புதன்கிழமை நாலு மணிக்கு, அன்றைக்கு விற்காமல் வாடத் தொடங்கிய காய்களுக்கு ஒரு பெண் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி, விலையைப் பாதிக்கும் கீழே இறக்கி அதில் வைப்பாள். டெஸ் தள்ளுவண்டியை நேரே அதன் முன்னால் நிறுத்தினார். கேரட், பார்ஸ்னிப், சில்வர்பீட், முட்டைக்கோஸ், எல்லாவற்றையும் வாரிப் போட்டார்.

"முயல் வளக்கறீங்களா?" என்று கேட்டாள் ஸ்டிக்கர் பெண்.

"ஆமா."

"எத்தன?"

"பத்து" என்றார். அந்த எண் வாயில் ஒட்டிக்கொண்டுவிட்டது. முயலைக் கண்டாலே துப்பாக்கியைத் தேடுகிற மனிதர் அவர்.

வீட்டுக்கு வந்து சமையலறை மேசையில் எல்லாவற்றையும் பரப்பினார். ரப்பர் பேண்டுகளை அறுத்தார். ஸ்டிக்கரை வெந்நீர் தொட்டு நகத்தால் சுரண்டினார். கேரட்தான் பெரிய தொல்லை. அவை பளபளவென்று கழுவி வந்திருந்தன. உலகத்தில் எல்லோரும் கேரட்டில் இருக்கும் மண்ணைக் கழுவுவார்கள். டெஸ் வாளியில் தன் தோட்டத்துக் கரிய மண்ணை அள்ளிவந்து, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, ஒவ்வொரு கேரட்டாக அதில் புரட்டினார். லயனல் பார்த்திருந்தால் அந்த வருஷம் முழுக்கச் சிரித்திருப்பான். அந்த நினைப்பில் டெஸ்ஸுக்கே சிரிப்பு வந்தது. அந்தச் சத்தம் வீட்டில் விசித்திரமாகக் கேட்டது, உடனே நிறுத்திக்கொண்டார்.

வியாழன் காலை பத்துப் பெட்டி வரிசையாக இருந்தன. நோலீன் நிறுத்தாள், எழுதினாள், டீ குடித்தாள். பாம்பைப் பற்றிச் சொன்னார். அவள் தன் மாமனார் பாம்பை மிதித்த கதையைச் சொன்னாள். இருபத்தைந்து நிமிஷம் இருந்தாள்.

இப்படியே நாலு வாரம் போயிற்று. பென்ஷன் பெரும்பாலும் காய்கறியாகவே போயிற்று. வீட்டு அலமாரியில் ரொட்டியும் அதில் தடவுகிற வெஜிமைட்டும் டீத்தூளும் நோலீனுக்கான பிஸ்கட்டும்தான் மிஞ்சின. ராத்திரிச் சாப்பாடு டோஸ்ட் என்றால் டோஸ்ட். ஒரு ஆளுக்கு எதற்கு அடுப்பைப் பற்றவைப்பது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வயிறு அதை ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் அதன் பேச்சை யார் கேட்டார்கள்?

ஐந்தாவது வாரம் நோலீன் வரும்போதே கோபமாக வந்தாள். டீயைக் கையில் வாங்கினவள் குடிக்கக்கூட இல்லை.

"ஊர்ல ஒரு கழிசடை கெளம்பியிருக்கான் பெரியவரே. கையில கெடச்சான்னா முட்டைக்கோஸாலயே அடிப்பேன்."

"யாரும்மா அது?"

"யாருன்னுதான் தெரியல. நம்ம சூப்பர்மார்க்கெட்ல புதன்கெழம மஞ்ச ஸ்டிக்கர் ஒட்டி வெப்பாங்கல்ல? ராத்திரி கடை மூடற வரைக்கும் விக்காம கெடக்கறத வியாழக்கெழம காலையில நம்ம பேன்ட்ரிக்குத்தான் குடுப்பாங்க. ரெண்டு தெரு தள்ளிதான் கூடம், கையிலயே தூக்கிட்டு வந்துருவாங்க. இப்ப ஒரு மாசமா ஒரு எல கூட வரல! எவனோ ஒருத்தன் நாலு மணிக்கு வந்து மொத்தத்தையும் வாரிட்டுப் போறானாம். முயலுக்காம்! ஊர்ல புள்ளைங்களுக்குக் காய் இல்ல, தொரைக்கு முயல் வளக்கணுமாம்!"

டெஸ் பிஸ்கட் டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினார்.

"நல்லவேள, உங்களப் போல நாலு பேரு இருக்கறதால வண்டி ஓடுது" என்றாள் நோலீன். அதை அவள் ஆறுதலுக்குச் சொன்னாள். அவருக்கு அது முட்டைக்கோஸ் அடியைவிடப் பலமாக விழுந்தது.

அவள் போன பிறகு வெகுநேரம் யோசித்தார். பேன்ட்ரிக்கு இரண்டு தெரு தள்ளிப் போயிருக்க வேண்டியதை அவர் நாற்பது கிலோமீட்டர் மேலே கொண்டுவந்து, மண்ணில் புரட்டி, திரும்ப நாற்பது கிலோமீட்டர் கீழே அனுப்பிக்கொண்டிருந்தார். அவர் கொடுத்தது ஒன்றுமில்லை. அவர்களுடையதையே எடுத்து அவர்களுக்கே தன் பேரில் கொடுத்திருக்கிறார். வெட்கமாக இருந்தது, உண்மையான வெட்கம், காது மடல் சுடுகிற வெட்கம்.

அதோடு நிறுத்தியிருந்தால் நல்ல மனிதர். ஆனால் அடுத்த செவ்வாய் ஆறு மணிக்கு நோலீன் "எத்தன?" என்றபோது அவர் வாய் மறுபடியும் "பத்து" என்றது. ஆறு என்று சொன்னால் வியாழக்கிழமையும் மற்ற ஆறு நாளைப் போல ஆகிவிடும். அதைத் தாங்க முடியாது என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது.

புதன்கிழமை மஞ்சள் அலமாரிப் பக்கம் தலைவைத்துப் பார்க்கவில்லை. இனி முழு விலைக்குத்தான் வாங்குவது, அப்போது யார் வாயிலும் மண் இல்லை என்று தீர்மானித்திருந்தார். அன்றைக்குப் புதிதாக லீக்ஸ் வந்து குவிந்திருந்தது. வெங்காயத்தாளுக்கு அண்ணன் போல, கைத்தண்டு பருமனில், வேரோடு. ஸ்டிக்கர் இல்லை, ரப்பர் பேண்டு இல்லை, கழுவிப் பளபளப்பாக்கவும் இல்லை. சுரண்டுகிற வேலை மிச்சம் என்று சந்தோஷப்பட்டு நாலு பெட்டிக்கு வாங்கினார். மனசாட்சிப்படி நடந்ததில் அன்று ராத்திரி டோஸ்ட்கூட ருசித்தது.

வியாழன் காலை நோலீன் லீக்ஸ் பெட்டியைத் தராசில் மாட்டினாள். ஒரு லீக்ஸைக் கையில் எடுத்தாள்.

"அட, இது எப்ப போட்டீங்க? சொல்லவே இல்ல."

"அந்தப் பக்கம், ஓடைக்கரையில" என்றார் டெஸ் பொதுவாக ஒரு மலையைக் காட்டி.

அவள் கட்டைவிரலால் மேல் தாளை விலக்கினாள். பிறகு அடுத்ததை. லீக்ஸ் வளர வளர மண்ணைத் தாளுக்குள் மடித்து வைத்துக்கொள்ளும். வெளியே எவ்வளவு துடைத்தாலும் உள்ளே இருக்கும். நோலீன் விரலில் ஒட்டியதைப் பார்த்தாள். செங்கல் பொடி போலச் சிவந்த மண். பைபஸ் பண்ணை மண் அடுப்புக்கரி நிறம்.

"இது எங்க ஊரு மண்ணு" என்றாள்.

டெஸ் வேறொரு பெட்டியைத் தூக்கப் போனார்.

"நான் வடமேற்குக் கரையில பொறந்தவ பெரியவரே. டெவன்போர்ட் பக்கம். ஸ்கூலுக்குப் போட்டுட்டுப் போன வெள்ள சாக்ஸ் ஒரு நாளும் வெள்ளையா திரும்பினதில்ல. இந்தச் செவப்பு எனக்குத் தெரியாதா? உங்க ஓடைக்கரைக்கு இது எப்படி வந்துச்சு, பறந்தா?"

"நோலீன்..."

"இருங்க இருங்க." அவள் தராசைக் கீழே வைத்தாள். "போன மாசம் கேரட். நுனியெல்லாம் மெஷின்ல வெட்டின மாதிரி ஒரே அளவா இருந்துச்சு. வயசான காலத்துல எவ்ளோ பொறுமையா நறுக்கியிருக்காருன்னு நெனச்சேன். அடக் கடவுளே. அந்த முயல்காரன் நீங்கதானா?"

"ஆமா" என்றார். உண்மை சொல்வது பொய்யைவிடச் சுலபமாகத்தான் இருந்தது.

அவள் கத்தினாள். அவளுடைய மாற்று முழங்காலைக் கூட்டிக்கொண்டு இந்த மேட்டில் எதற்காக ஏறினாள்? கூடத்துக்குத் தானாக நடந்துவந்திருக்கும் முட்டைக்கோஸுக்காகவா? அவருக்கு மூளை இருக்கிறதா, வாலபி தின்றுவிட்டதா? டெஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அதிலும் ஒரு மூலையில், யாரோ தன் வீட்டு முற்றத்தில் நின்று சத்தமாகத் திட்டுகிறார்கள் என்பது அவருக்குப் பிடித்திருந்தது. அதை நினைத்து இன்னும் வெட்கப்பட்டார்.

"ஏன் இப்படிப் பண்ணீங்க?" என்றாள் கடைசியில், மூச்சு வாங்க.

"ஆறு பெட்டிதான் இருந்துச்சு. பத்து இல்லன்னா நீ வரமாட்ட."

நோலீன் கையிலிருந்த லீக்ஸைப் பெட்டியில் போட்டாள். வண்டியின் பின்கதவில் சாய்ந்துகொண்டாள்.

"வர முடியாதுதான்" என்றாள் பிறகு, மெதுவாக. "உங்களுக்காக ஆறுக்கு வந்தா, கீழ ஹர்லே பண்ணைப் பொம்பள அஞ்சு பெட்டிய வெச்சுக்கிட்டு எனக்கு மட்டும் ஏன் வரலம்பா. நியாயந்தானே? சட்டம் நான் போட்டதில்ல பெரியவரே."

"தெரியும்மா."

"இருங்க, ஒண்ணு கேக்கறேன். ஒவ்வொரு புதன்கெழமயும் ஊருக்குள்ள வந்தீங்களா?"

"ஆமா."

"காலி வண்டியோடவா?"

"ஆமா."

"உங்க ஆறு பெட்டிய அதுல தூக்கிப் போட்டுக்கிட்டு ஒரு நாள் தள்ளி வியாழக்கெழம வந்திருந்தா, ஒரு பொய் வேணாம், ஒரு முயல் வேணாம். அது தோணவே இல்லயா?"

தோன்றாமல் இல்லை. இரண்டாவது வாரமே தோன்றியது.

"நான் கீழ வந்தா நீ மேல வரமாட்டியே" என்றார் டெஸ்.

அன்றைக்கு நோலீன் டீ குடிக்கவில்லை. பத்துப் பெட்டியையும் ஏற்றிக்கொண்டாள், தாளில் ஆறு என்று எழுதினாள். வண்டியில் ஏறிய பிறகு கண்ணாடியை இறக்கி, "ஒரு மணிக்குத் தெறப்பாங்க. பக்கவாட்டுக் கதவு" என்று மட்டும் சொன்னாள். வண்டி மண் சாலையில் இறங்கி, சரளையில் திரும்பி, சத்தம் போயிற்று.

அடுத்த செவ்வாய் அவர் போன் செய்யவில்லை. போனும் வரவில்லை. வியாழன் ஒன்பதரைக்கு, வராது என்று தெரிந்தும், சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பத்து மணிக்குத் தன் மேலேயே கோபம் வந்து பெட்டிகளை எடுத்து பிக்அப்பில் ஏற்றினார். ஐந்து சில்வர்பீட், ஒரு பூசணி. ஆறு. குளித்து, லயனலின் சவ அடக்கத்துக்குப் போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டார். நல்ல சட்டை என்று இருந்தது அது ஒன்றுதான்.

பக்கவாட்டுக் கதவு பூட்டியிருந்தது. ஆகவே முன்வாசலுக்குப் போனார், யாரிடமாவது கேட்கலாம் என்று. உள்ளே அதே கூடம், அதே மடக்கு நாற்காலிகள், ஆகஸ்டில் சாண்ட்விச் வைத்திருந்த அதே நீள மேசை. நாற்காலிகளில் முப்பது பேர் இருக்கும். வாசலில் சின்ன மேசை போட்டு, கழுத்தில் கண்ணாடியைத் தொங்கவிட்டிருந்த ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். சட்டைப்பையில் கோரல் என்று பேர் ஒட்டியிருந்தது.

"வாங்க, மொத தடவயா? கூச்சப்படாதீங்க. பேரு?"

"டெஸ் பைபஸ். நான் வந்து..."

"வீட்டுல எத்தன பேரு?"

எல்லோரிடமும் கேட்கிற கேள்வி. ஆள் கணக்குக்குத் தக்கபடிதான் ரொட்டியும் முட்டையும். ஆனால் டெஸ்ஸிடம் இதை யாரும் கேட்டதில்லை. மலைமேல் எல்லோருக்கும் தெரியும், தெரிந்ததை யார் கேட்பார்கள்? வாய் பழக்கத்தில் தானாகச் சொல்லிற்று.

"ரெண்டு."

கோரல் எழுதிக்கொண்டு ஒரு சீட்டைக் கொடுத்தாள். முப்பத்தொன்று. "உக்காருங்க, கூப்பிடுவோம். டீ அங்க இருக்கு, நீங்களே ஊத்திக்கலாம்."

காய் கொண்டுவந்திருக்கிறேன் என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வந்தார். ஆனால் உட்காருங்கள் என்று யாரோ சொல்லி வெகுநாளாகிவிட்டது. உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் பக்கத்து நாற்காலியில் கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். காலடியில் இன்னும் இரண்டு பிள்ளைகள் ஒரு பொம்மைக்காக அடித்துக்கொண்டிருந்தன. அவள் அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"போன வாரம் லீக்ஸ் குடுத்தாங்க, வாங்கினீங்களா? நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா ஒரே செவப்பு மண்ணு. மூணு தண்ணி கழுவியும் போகல."

"நடுவுல நெடுக்கா கீறிட்டுக் கழுவணும்" என்றார் டெஸ்.

"அப்படியா? நீங்க விவசாயமா?"

"காய் போடறேன். வாலபிக்கு."

அவள் சிரித்துவிட்டாள். அவர் காலண்டர் தாளில் எழுதாமலே பேசிக்கொண்டிருந்தார். சில்வர்பீட்டைக் குழந்தைகள் தின்ன மாட்டேனென்கின்றன என்றாள். சீஸ் துருவிப் போட்டால் தின்னும், என் தம்பி அப்படித்தான் தின்பான் என்றார். அப்போதுதான் பின்கதவு வழியாகப் பெட்டியோடு நோலீன் வந்தாள். அவரையும் கையிலிருந்த சீட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பெரியவரே, நீங்க குடுக்கற ஆளு. கையில என்ன சீட்டு?"

"அந்தம்மா குடுத்துச்சு."

"பெட்டி எங்க?"

"வண்டியில. கதவு பூட்டியிருந்துச்சு."

"கீரைய வெயில்ல வேக வெச்சுட்டு இங்க டீ குடிச்சுக்கிட்டு இருக்கீங்க!" என்று அதட்டினாள். இரண்டு பேருமாக ஆறு பெட்டியையும் இறக்கினார்கள். அவளுக்கு அடுத்த ஊர்ப் பேன்ட்ரிக்கு நேரமாகிவிட்டது. "சட்ட நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனாள். நின்று பேச அவளுக்கு வியாழனில் நேரம் இருந்ததே அந்த மலைமேல் இருபது நிமிஷம்தான் என்பது டெஸ்ஸுக்கு அப்போது புரிந்தது.

வேலை முடிந்தது. வீட்டுக்குப் போகலாம். அவர் திரும்ப உள்ளே போய் அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

முப்பத்தொன்றைக் கூப்பிட்டார்கள். நீள மேசைக்குப் பின்னால் இப்போது கோரலே நின்றிருந்தாள், தாளைப் பார்த்துப் பார்த்துப் பையில் போட்டாள். ரொட்டி இரண்டு. பால். மளிகை டப்பாக்கள் ஜோடி ஜோடியாக. டெஸ்ஸின் வயிறு ஆறேழு வாரமாக டோஸ்டைத் தவிர ஒன்றையும் பார்க்காதது, அதை நினைத்துக் கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

"சில்வர்பீட்? இப்பதான் வந்துச்சு, ரொம்பப் புதுசு."

"வேணாம், வீட்டுல இருக்கு."

கோரல் முட்டை அட்டையை எடுத்தாள். ஒரு ஆளுக்கு அரை டஜன், இரண்டு பேருக்கு முழு டஜன். அதற்குப் பின்னால் இன்னும் மூன்று அட்டைதான் இருந்தன. டெஸ் திரும்பிப் பார்த்தார். நாற்காலிகளில் ஏழெட்டுப் பேர் மிச்சம் இருந்தார்கள். கைக்குழந்தைக்காரியின் சீட்டு முப்பத்து நான்கு.

"ஒருத்தன்தான்" என்றார் டெஸ்.

"என்ன?"

"வீட்டுல. ஒருத்தன்தான் இருக்கேன்."

கோரல் கண்ணாடியைப் போட்டுத் தாளைப் பார்த்தாள். "ரெண்டுன்னு எழுதியிருக்கே?"

"தப்பாச் சொல்லிட்டேன். என் தம்பி லயனல் ஆகஸ்டுல செத்துப்போயிட்டான். நான் மட்டுந்தான்."

இத்தனை மாதத்தில் இதை அவர் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. அன்றைக்கு எல்லாவற்றையும் பாதிரியார் சொன்னார், பக்கத்துப் பண்ணைக்காரர்கள் சொன்னார்கள், பேப்பரில்கூட வந்தது. அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

கோரல் அவசரப்படவில்லை. பேனாவை எடுத்து இரண்டை அடித்து, பக்கத்தில் ஒன்று என்று எழுதினாள். ஒரு ரொட்டியை வெளியே எடுத்தாள், முட்டையில் பாதியை எடுத்து வைத்தாள், டப்பாக்களில் ஜோடியைப் பிரித்தாள். பையின் வாயை மடித்து அவர் பக்கம் தள்ளினாள்.

"ஒரு தடவ எழுதிட்டா போதும்" என்றாள். "இனிமே யாரும் கேக்க மாட்டாங்க."

அவர் தலையாட்டினார். பையை எடுத்துக்கொண்டார். ஒரு கையில் தூக்கக்கூடிய பைதான்.

"அடுத்த வியாழன் வருவீங்கல்ல?"

"வருவேன்" என்றார் டெஸ். வாசல்வரை போய்விட்டுத் திரும்பினார். "ஆறு பெட்டிதான் இருக்கும். அதுக்கு மேல இருக்காது."

"சரி, ஆறு" என்று கோரல் எழுதிக்கொண்டாள்.